உறுமாத பெட்டி

அத்தியாயம் 5

"கையெழுத்துப் போட மாட்டேன். அதைக் கேக்கத்தான் வந்தீங்கன்னா, வந்த வழியே போயிடுங்க."

பள்ளிக்கூட ஆய்வகத்தின் கதவைப் பாதி திறந்த பெண், வந்தவர்கள் யார் என்று கேட்கும் முன்பே சொல்லிவிட்டாள். ஐம்பது வயது இருக்கும். நீல மேலங்கி, அதன் பையில் ஸ்க்ரூடிரைவர், மூக்கு நுனிக்குச் சரிந்த கண்ணாடி. பிள்ளைகளிலிருந்து தலைமையாசிரியர் வரை எல்லோருக்கும் அவள் லேப் அக்கா.

"கையெழுத்தா? எங்க அண்ணன் கல்யாணப் பதிவுல போட்ட கையெழுத்துக்கே இன்னும் முழிச்சிட்டிருக்கார். அதுலேர்ந்து எங்க குடும்பத்துல யாரையும் கையெழுத்துப் போடச் சொல்றதில்லை" என்றான் சின்னவன்.

அவன் பக்கத்தில் நின்ற அண்ணி சிரிக்கவில்லை. கொழுந்தனின் வாயைப் பதினெட்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது மரத்துப் போயிருந்தது. தீப்பிடித்த கடைகளையும் கிடங்குகளையும் ஆராய்ந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவதில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்புத் துலக்க வந்த பிறகும் சர்வேயரம்மா என்ற பெயர் மட்டும் அவரை விடவில்லை.

"ஆபரேட்டர் ஐயா அனுப்பினார். உங்க பெட்டி எரியாதுன்னு அவர் அடிச்சுச் சொல்றார். உண்மையான்னு பாக்க வந்தேன்."

கதவு முழுதாகத் திறந்தது.

விஷயம் இதுதான். பார்வை இல்லாதவர்களுக்கான ஒலி நூலகத்தில் ஒரு பெரிய மேஜை உண்டு. எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து ஹெட்போனில் புத்தகம் கேட்பார்கள். ஒரே ஒலியை எட்டுக் காதுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரை லேப் அக்காதான் தன் கையால் செய்து கொடுத்திருந்தாள். மூன்று வருஷமாக அது மூச்சு விடாமல் உழைத்தது. போன புதன்கிழமை நண்பகலில் மேஜைக்கு அடியிலிருந்த அதன் பவர் பெட்டி பற்றிக்கொண்டது. மேஜைமேலிருந்த ஆம்ப்ளிஃபயர் தப்பியது. ஆனால் தீ பக்கத்து அலமாரிக்குத் தாவியதில் எழுபது புத்தகங்களின் ஒலிப்பதிவு சாம்பல். தடவித் தடவி மற்றவர்களை வெளியே அனுப்பிய ஆபரேட்டர் ஐயாவுக்கு முழங்கைவரை கொப்புளம். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அங்கே மூத்த உறுப்பினரும் அவர்தான்.

'நான் வீட்டில் செய்த தரமற்ற கருவியே தீக்குக் காரணம்' என்று நூலகச் செயலாளர் ஒரு கடிதம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். இன்று மாலை ஐந்து மணிக்குள் லேப் அக்கா அதில் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் பள்ளிக்குப் புகார் போகும், வேலைக்கு உலை வைக்கும். இப்போது மணி பதினொன்று.

சர்வேயரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எதுக்குத் தனியா ஒரு பவர் பெட்டி? எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ள வெச்சிருக்கலாமே?"

"ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும். நமக்குக் கேக்காது, பக்கத்துல இருக்கற ஆம்ப்ளிஃபயருக்குக் கேக்கும். அது அப்படியே பெருக்கி ஹெட்போனுக்கு அனுப்பிடும். அதனால ட்ரான்ஸ்ஃபார்மரைத் தனிப் பெட்டியில போட்டு மேஜைக்குக் கீழே வெச்சேன். நடுவுல ரெண்டு கஜம் வயர்."

"சண்டை போடற மாமியாரைத் தனிக்குடித்தனம் வெச்ச மாதிரி" என்றான் சின்னவன்.

"அதேதான்" என்றாள் லேப் அக்கா. அவள் முகம் முதல்முறையாக லேசாக இளகியது. "கடையில சின்னதா அடாப்டர் கிடைக்கும், செவுத்துல சொருகற மாதிரி. அது கீச்சுனு ஒரு சத்தம் போடும். கண்ணு இருக்கறவங்க அதைக் கவனிக்க மாட்டாங்க. அந்த எட்டுப் பேருக்குக் காதுதான் எல்லாம். அதனால ட்ரான்ஸ்ஃபார்மரே வாங்கினேன். ஆம்ப்ளிஃபயர் ஒரு ஆம்பியர் இழுக்கும், நான் ரெண்டு தாங்கறதா போட்டேன். நாள் முழுக்க ஓடினாலும் அது மேல கன்னத்தை வெச்சுத் தூங்கலாம்."

"சரி. பெட்டியையும் வயரையும் இணைக்கற இடத்துல பின் எந்தப் பக்கம், ஓட்டை எந்தப் பக்கம்?"

லேப் அக்கா அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள். கேள்வி தெரிந்தவர் கேட்ட கேள்வி என்று புரிந்துவிட்டது.

"ஓட்டை பெட்டியில. பின் வயர்ல. கரண்ட் கிளம்பற பக்கம் எப்பவும் ஓட்டைதான் இருக்கணும். வயரைப் பிடுங்கினாலும் விரல் படாது, வேற எதுவும் பட்டு ஷார்ட் ஆகாது."

"கரெக்ட். வீட்டுச் செவுத்துல ஓட்டைக்குப் பதிலா மூணு பின் நீட்டிக்கிட்டு இருந்தா?" என்றான் சின்னவன். "சட்டை மாட்டற கொக்கின்னு நினைச்சு நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்."

சர்வேயரம்மா அவனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் துணிப்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேஜைமேல் வைத்தான். நூலகத்தில் ரசீது எழுதிக் கொடுத்து வாங்கி வந்த, எரிந்து கருகிய பெட்டி. அதன் பக்கவாட்டில் நாலு பின்கள் துருத்திக்கொண்டு நின்றன.

வேலை முடிந்தது என்றுதான் சர்வேயரம்மா நினைத்தார். பின் பெட்டியில் இருக்கிறது, ஆகவே இது லேப் அக்கா செய்ததில்லை, யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டு வரியில் அறிக்கை எழுதிவிடலாம்.

லேப் அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள்.

"இது என்னோடதுதான்" என்றாள்.

சின்னவன் வாய் திறந்தபடி நின்றான். அவனுக்கே பேச்சு வராத சந்தர்ப்பங்கள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தேறும்.

"அக்கா, அண்ணி உங்களைக் கரையேத்திட்டாங்க. நீங்களே திரும்பக் குதிக்கறீங்களே."

"பொய் சொல்லிக் கரையேற மாட்டேன். இது நான் முதல்ல செஞ்சது. பின்னைத் தப்பான பக்கம் வெச்சுட்டேன். ட்ரான்ஸ்ஃபார்மரும் சின்னது, அரை மணி ஓடினா கை வைக்க முடியாது. இது வேலைக்கு ஆகாதுன்னு ஒதுக்கிட்டு வேற செஞ்சேன். அந்த ரெண்டாவதைத்தான் நூலகத்துக்குக் குடுத்தேன். இதுமேல 'உபயோகிக்காதே'ன்னு காகிதம் ஒட்டி, ஸ்டோர் ரூம் பழைய சாமானோட போட்டேன்."

காகிதம் இப்போது இல்லை. அதைக் கிழித்த இடத்தில் பசை மட்டும் கருகிக் கிடந்தது.

சர்வேயரம்மா ஃப்யூஸ் மூடியைத் திருகினார். உள்ளே கண்ணாடிக் குழாய் ஃப்யூஸைச் சுற்றி, சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள் பொசுங்கி ஒட்டியிருந்தது.

"இதுவும் நீங்களா?"

"நான் செத்தாலும் செய்ய மாட்டேன்." அவள் குரல் உயர்ந்தது. "சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர், சின்ன ஃப்யூஸ். அளவுக்கு மீறி இழுத்தா ஃப்யூஸ் போயிடும், போகணும். அதைப் போக விடாம வெள்ளித்தாள் சுத்தினவன் தீயைக் கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கான்."

"ஸ்டோர் ரூமுக்குள்ள யார் வருவாங்க?"

"பள்ளிக்கூடத்துக்காரங்கதான்." சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். "இல்ல. போன மாசம் ஆண்டு விழாவுக்கு மைக் வெச்சவர் மூணு நாள் சாமானெல்லாம் அங்கதான் போட்டிருந்தார்."

சர்வேயரம்மா ஆபரேட்டர் ஐயாவுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிடுகிற மனிதர் அவர்.

"ஐயா, தீப்பிடிச்ச அன்னிக்கிக் காலையில ஹெட்போன்ல உறுமல் கேட்டுச்சுன்னு சொன்னீங்களே. முந்தின நாள்?"

"கிடையவே கிடையாது. செவ்வாய்க்கிழமை நாலு மணி வரைக்கும் கேட்டேன், சுத்தமா இருந்தது. புதன்கிழமை காலையில காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி. மூணு வருஷத்துல அதுதான் முதல் தடவை."

"நடுவுல அந்த அறைக்கு யாராவது வந்தாங்களா?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மைக்செட்காரர் வந்தார். ஹால் ஸ்பீக்கரைப் பாக்க வந்தேன்னார். நான் வராந்தாவுல உக்காந்திருந்தேன். ஆனா செருப்புச் சத்தம் ஹால்லேர்ந்து எங்க அறைக்கு வந்து, ரொம்ப நேரம் அங்கயே நின்னு, திரும்பிப் போச்சு. போறப்போ நடை கனமா இருந்தது. கையில ஏதோ பாரம்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்தார். "அவர் செயலாளரோட மச்சான். அதனால சொல்ல யோசனையா இருந்தது."

*

மைக்செட் கடை ஒரு நீளமான கொட்டகை. இருபுறமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள் அடுக்கியிருந்தன. கடைசியில் மேஜைமேல் மைக்குகளின் ஒலியைக் கலக்கும் ஒரு மிக்ஸர், அதன் பின்னால் ஒரு துணி தொங்கியது. லேப் அக்காவை வெளியே ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

"ஒரு பாராட்டு விழா" என்று ஆரம்பித்தான் சின்னவன். "எங்க அண்ணிக்கு. கூட்டம் வராது, ஆனா அவங்க நிறையப் பேசுவாங்க. மைக் தாங்குமா?"

மைக்செட்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். "நம்ம மைக் பத்து மணி நேரம் தாங்கும்."

"போன வருஷம் ஒரு கூட்டத்துல உங்க மைக்லதான் பேசினேன்" என்றார் சர்வேயரம்மா, உதட்டைப் பிதுக்கி. "நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே ஸ்பீக்கர் உறும ஆரம்பிச்சுடுச்சு. பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்க."

அவர் எறிந்த கல் குறி தப்பவில்லை. மைக்செட்காரரின் முகம் சிவந்தது.

"அது பழைய கதை. இப்ப கேளுங்க." மிக்ஸரைப் போட்டு எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருகினார். "காதை வெச்சுப் பாருங்க!"

சின்னவன் ஆளுயர ஸ்பீக்கரில் காதை அழுத்தினான். கண்ணை மூடினான். பத்து எண்ணும் நேரம் அப்படியே நின்றான்.

"எங்க ஆபீஸ்ல நான் சம்பள உயர்வு கேட்டப்ப அண்ணிகிட்டேர்ந்து வந்த பதில் மாதிரி இருக்கு. ஒண்ணுமே கேக்கல."

"எப்பலேர்ந்து இப்படி?" என்றார் சர்வேயரம்மா.

"போன வாரத்துலேர்ந்து."

"போன வாரம்னா?"

"செவ்வா…" என்று ஆரம்பித்த மைக்செட்காரர் வாயை மூடிக்கொண்டார்.

சர்வேயரம்மா எட்டி மேஜைக்குப் பின்னால் தொங்கிய துணியை விலக்கினார். மிக்ஸரிலிருந்து இறங்கிய வயர், தரையிலிருந்த ஒரு கறுப்புப் பெட்டியில் போய்ச் சேர்ந்தது. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. பெட்டியின் பக்கத்தில் ஓட்டை, வயரில் பின்.

"கம்பெனி ஐட்டம்" என்றார் மைக்செட்காரர் அவசரமாக. "நீங்க யாரு முதல்ல? வெளிய போங்க. எங்க அத்தானைக் கூப்பிடறேன், அவர் பேசுவார் உங்ககிட்ட."

"தாராளமா" என்றார் சர்வேயரம்மா. "நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

செயலாளர் கால் மணியில் வந்து சேர்ந்தார். கக்கத்தில் கோப்பு, நெற்றியில் வேர்வை. கடை வாசலில் லேப் அக்காவைப் பார்த்ததும் அவருக்கு முறுக்கேறியது.

"மணி ரெண்டாகப் போகுது. கையெழுத்துப் போடாம ஊர் சுத்திட்டிருக்கீங்களா? என் மச்சான் மேல பழி போடறீங்களாமே!"

"பழி போட வரல. என் பெட்டியைப் பாக்க வந்தேன்" என்றாள் லேப் அக்கா. உள்ளே நடந்து, கறுப்புப் பெட்டிக்கு ஐந்து அடி தள்ளி நின்றுகொண்டாள். "நான் தொட மாட்டேன். தொட்டா நான்தான் ஏதோ செஞ்சேன்னு சொல்வீங்க. திறக்காமலே உள்ளே என்ன இருக்குன்னு சொல்றேன், நீங்களே திறந்து பாருங்க."

செயலாளர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"செவுத்துலேர்ந்து வர்ற வயருக்குள்ள மூணு கம்பி. அதுல பச்சை மட்டும் மத்த ரெண்டை விட மூணு விரல் நீளம் ஜாஸ்தி. வளைச்சு விட்டிருப்பேன். யாராவது கால் தடுக்கி வயரைப் பிடுங்கினா, கரண்ட் வர்ற ரெண்டும் முதல்ல கழண்டுக்கணும். ஆளைக் காப்பாத்தற பச்சை கடைசியா விடணும். எந்தக் கம்பெனியும் எனக்காக இதைச் செஞ்சு குடுக்காது."

சின்னவன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, ஸ்க்ரூடிரைவரை இரண்டு கையாலும் ஏந்திச் செயலாளரிடம் நீட்டினான். "திறப்பு விழா உங்க பொற்கரங்களால, ஐயா."

நான்கு திருகாணிகள். மூடி கழன்றது. செயலாளர் குனிந்தார். நிமிரவில்லை. சிவப்பும் கறுப்பும் விறைப்பாக நின்ற இடத்தில், பச்சைக் கம்பி மட்டும் தாராளமாக வளைந்து, பெட்டியின் உலோகத்தில் ஈயம் வைத்து அழுந்த ஒட்டப்பட்டிருந்தது.

"எதுக்குடா?" என்றார் செயலாளர், குனிந்தபடியே.

மைக்செட்காரர் ஒரு ஸ்பீக்கர்மேல் உட்கார்ந்தார். மீசை தொங்கிவிட்டது. "என் செட்டு உறுமுதுன்னு ஊரே கேலி பண்ணுச்சு அத்தான். நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்தேன், போகல. அங்க ஹெட்போனை மாட்டிப் பாத்தா சத்தமே இல்ல. ரெண்டும் ஒரே இருபத்தி நாலு வோல்ட். ஸ்டோர் ரூம்லேர்ந்து எடுத்த பெட்டியும் கையில இருந்தது. சந்தேகம் வரக்கூடாதுன்னு அதை அங்க வெச்சு, வயர் நுனியை வெட்டி மாத்தினேன். ஃப்யூஸ் ரெண்டு தடவை போச்சு, அதனால வெள்ளித்தாள்… எரியும்னு நினைக்கல."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா புதுசா ஒண்ணு செஞ்சே குடுத்திருப்பேனே" என்றாள் லேப் அக்கா.

"எப்படிக் கேக்கறது? முப்பது வருஷமா மைக் வெக்கறேன். பள்ளிக்கூடத்துல சீசா கழுவற பொம்பளகிட்டப் போயி…" சொன்னதும் அவர் தலை தானாகக் குனிந்தது.

லேப் அக்கா சரிந்த கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

செயலாளர் நிமிர்ந்தபோது வேறு ஆளாக இருந்தார். குரலில் தேன் வழிந்தது. "நடந்தது நடந்துபோச்சு. அக்கா மேல தப்பில்ல, ஒத்துக்கறேன். கடிதத்தைக் கிழிச்சுடறேன். மின்கசிவுன்னு எழுதி முடிச்சுடுவோம். யாருக்கும் சேதாரம் இல்ல. என்ன சொல்றீங்க?"

"மின்கசிவு" என்றார் சர்வேயரம்மா, அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்ப்பவர்போல. "அந்த வேலையில இருந்தப்ப ஆயிரம் தடவை அதை எழுதச் சொன்னாங்க. கிடங்கை எவன் கொளுத்தினாலும் மின்கசிவு. ஒரு தடவை எழுதிட்டேன். அதுல ஒரு காவல்காரனுக்கு வேலை போச்சு. மறுநாளே ராஜினாமாக் கடிதம் குடுத்தேன். இன்னொரு தடவை எழுத மாட்டேன்."

"நானும் அதுக்கு ஒத்துக்க மாட்டேன்" என்றாள் லேப் அக்கா. "கையெழுத்துக் கேட்டீங்கல்ல? போடறேன், ஆனா உள்ளது உள்ளபடி எழுதணும். இவர் மாத்தினது, வெள்ளித்தாள் சுத்தினது, எல்லாம். அதுல என் தப்பும் இருக்கட்டும். ஆகாத பெட்டியை வயரை வெட்டாம முழுசா போட்டேன். வெட்டியிருந்தா யாரும் எடுத்திருக்க முடியாது."

"அக்கா, அது வேண்டாமே" என்றான் சின்னவன் தாழ்ந்த குரலில். "உங்களை யாரும் கேக்கலயே."

"யாராவது கேட்டாத்தான் சொல்லணுமா?"

செயலாளரின் தேன் வற்றியது. "அப்படின்னா இந்தக் கருவி மறுபடி நூலகத்துக்குள்ள வராது. சொல்லிட்டேன்."

லேப் அக்கா மூடியைப் போட்டுத் திருகினாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இது உங்களுக்குச் செஞ்சது இல்ல. எட்டுப் பேர் காதுக்குச் செஞ்சது. அவங்க வேண்டாம்னு சொல்லட்டும், நானே தூக்கிட்டுப் போறேன். இப்ப வழி விடுங்க."

செயலாளர் வழி விட்டார்.

*

நாலரை மணிக்கு ஒலி நூலகத்தில் எட்டு நாற்காலிகளும் நிரம்பியிருந்தன. கருகிய அலமாரியின் நாற்றம் இன்னும் அறையில் நின்றது. லேப் அக்கா தரையில் உட்கார்ந்து, முறுக்கி டேப் சுற்றியிருந்த வயரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஈயம் வைத்து ஒட்டினாள். மேஜையோடு ஒட்டி வைக்காமல், பெட்டியை அலமாரிக்கு எதிர்ச்சுவர் ஓரம் ஒரு கல்பலகைமேல் தள்ளி வைத்தாள். ஆபரேட்டர் ஐயா கட்டுப்போட்ட கையால் ஹெட்போனை மாட்டினார். மற்ற ஏழு பேரும் மாட்டினார்கள். கொஞ்ச நேரம் எல்லோரும் அசையாமல் இருந்தார்கள்.

"வந்துடுச்சு" என்றார் ஒரு பெண்மணி. மேஜையைச் சுற்றி ஒரு பெருமூச்சு ஓடியது.

ஐந்து மணிக்குச் செயலாளர் உள்ளே வந்தார். மைத்துனர் வாசற்படியோடு நின்றுவிட்டார். சர்வேயரம்மா எழுதி முடித்த மூன்று பக்க அறிக்கையை நீட்டினார். கீழே லேப் அக்காவின் கையெழுத்து இருந்தது. செயலாளர் அதை மடித்துக் கோப்புக்குள் சொருகப் பார்த்தார்.

"என்ன அது, காகிதச் சத்தம்?" என்றார் ஆபரேட்டர் ஐயா.

"அறிக்கை. படிச்சுட்டு நடவடிக்கை எடுக்கறேன்."

"நீங்க படிச்சுடுவீங்க. நாங்க எப்படிப் படிக்கறது? எரிஞ்சது எங்க புத்தகம். சத்தமா வாசிங்க."

"பொதுவா இப்படிப் பழக்கம் இல்லையே…"

"இது வாசிக்கற இடம்தானே?" ஆபரேட்டர் ஐயா கைநீட்டித் தடவி, வாசிப்பவர்களுக்கான மைக்கை அவர் பக்கம் நகர்த்தினார். கூடவே பக்கத்திலிருந்த ரெக்கார்டரின் விசையையும் அமுக்கியதைச் சர்வேயரம்மா கவனித்தார்.

செயலாளர் எட்டு முகங்களையும் பார்த்தார். ஒன்றுகூட அவரைப் பார்க்கவில்லை, எல்லாம் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தன. அவர் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் பக்கம் கடகடவென்று ஓடியது. இரண்டாம் பக்கத்தில், 'செயலாளரின் மனைவியுடைய தம்பி' என்ற இடத்தில் குரல் நின்றது. யாரும் உதவிக்கு வரவில்லை. தண்ணீர் குடித்தார். பிறகு அந்த வரியை வாசித்தார். வெள்ளித்தாளை வாசித்தார். லேப் அக்கா தன்மேலேயே எழுதிக்கொண்ட குற்றத்தையும் வாசித்தார். அந்த இடத்தில் அவர் குரல் தணிந்தது, அவருக்கே தெரியாமல்.

முடிந்ததும் வேர்வையைத் துடைத்தார். "பதிவாயிடுச்சா? அழிச்சுடலாமே?"

"இங்க எதையும் அழிக்கறதில்லை" என்றார் ஆபரேட்டர் ஐயா. "உங்க குரல் நல்லா இருக்கு, தெரியுமா? நிறுத்தி, தெளிவா வாசிக்கறீங்க. எரிஞ்சதையெல்லாம் யாராவது திரும்பப் படிச்சுத்தானே ஆகணும். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க."

"நானா?"

"தனியா வர வேண்டாம். மச்சானையும் கூட்டிட்டு வாங்க. முப்பது வருஷமா ஊரெல்லாம் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' மட்டும்தான் சொல்லிட்டிருக்கார். அதுக்கப்புறம் ஒரு வாக்கியமாவது பேசிப் பாக்கட்டும்."

வாசற்படியில் நின்றவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசியில் தரையிலிருந்த லேப் அக்காவைப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.